கடற்கரைப் பிள்ளைக்கு ஸ்டாமினா சொல்லித்தரணுமா? (கல்லூரிப் பெண்கள் கால்பந்து)

28 ஜூன் 2025, உச்சிப்புளி வாசகர் ஒருவர் எழுதியது

என் தங்கச்சி மகள் ராமநாதபுரத்தில் பி.காம். முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். காலேஜ் கால்பந்து டீமில் எடுத்திருக்கிறார்களாம். பந்து விளையாடச் சொல்வார்கள் என்று பார்த்தால், ஒற்றைக் காலில் நிற்பது, குதிப்பது, உட்கார்ந்து எழுந்திருப்பது என்று வாரம் மூன்று நாள் இதிலேயே போகிறது. பாம்பன் பக்கத்துப் பிள்ளை. அம்மா கடல்பாசி எடுக்கிறவள், அப்பா நாட்டுப்படகு. இந்தப் பிள்ளைக்கு ஸ்டாமினா சொல்லித்தரணுமா? தினமும் கடற்கரை மணலில் அரைமணி நேரம் ஓடினால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

28 ஜூன், இரவு

ஸ்டாமினா இல்லை என்று யாரும் சொல்லவில்லை அண்ணே. நானும் தங்கச்சிமடத்துக்காரிதான். கல்லூரியில் நடுக்களத்தில் ஆடினேன். இப்போது சாயங்காலங்களில் ஒரு மகளிர் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் மருமகள் மாதிரிப் பிள்ளைகள்தான் எங்கள் அணியில் பாதி. முதல் நாளே கிரவுண்டைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னால், பேசிச் சிரித்துக்கொண்டே ஓடி முடித்துவிடுவார்கள். அதே பிள்ளையைப் பத்து மீட்டர் முழு வேகத்தில் ஓடவிட்டு, விசில் அடித்ததும் நின்று திரும்பச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்காத டவுன் பஸ் மாதிரி நாலு எட்டு தள்ளிப்போய்த்தான் நிற்பாள். நிற்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கமாகச் சாயும். எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

பெரிய அளவிலான பெண்கள் ஆட்டங்களில் ஒருத்தி 90 நிமிடத்தில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போகிறாள். நடுக்களத்தில் ஆடுகிறவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். கோல்கீப்பருக்கு இதில் பாதி. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் இதில் பெரும்பகுதி நடையும் மெதுவான ஓட்டமும்தான். உடம்பைப் பிழிவது வேறு. நாலைந்து நொடிக்கு ஒரு தடவை வேலை மாறுகிறது. நடக்கிறாள், பாய்கிறாள், பின்னால் போகிறாள், குதிக்கிறாள், தோளோடு தோள் மோதுகிறாள், திரும்புகிறாள். ஓர் ஆட்டத்துக்கு இப்படி ஆயிரத்துக்கு மேல். இதயம் சராசரியாக அதன் உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. தேர்ந்த ஆட்டக்காரிக்கும் சுமாரான ஆட்டக்காரிக்கும் மொத்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வேகமாக ஓடிய தூரத்தை எடுத்துப் பார்த்தால்தான் யார் யாரென்று தெரியும். அரைமணி நேரம் ஒரே சீராக ஓடுகிற பிள்ளைக்கு இதில் எதுவும் பழகாது.

29 ஜூன்

மணல் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். நேற்றே எழுதியிருப்பேன், கரண்ட் போய்விட்டது.

ஒரே வேகத்தில் ஓடினால் கெட்டித் தரையைவிட மணலில் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். அதனால் மூச்சு வாங்கும், தொடை எரியும், நல்ல பயிற்சி செய்த திருப்தி வரும். ஆனால் மணலில் காலை ஊன்றினால் மணல் பின்னால் நழுவுகிறது. பாதம் தரையில் அதிக நேரம் தங்குகிறது, வெடுக்கென்று கிளம்ப முடியாது. நிற்பதும் அப்படித்தான், நிற்க வேண்டிய வேலையை மணலே செய்துவிடுகிறது.

போட்டி எங்கே நடக்கிறது? காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தரையில். வெயிலில் வெந்து செங்கல்லாகக் கிடக்கும். இங்கே மணலில் பழகிவிட்டு அங்கே போய் இறங்கினால் முதல் பாதியிலேயே முன்னங்கால் எலும்பு ஓரமாக வலி பிடிக்கும். நான் விளையாடிய காலத்தில் அந்த வலியை எல்லோரும் "தரைக் காய்ச்சல்" என்போம். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டு மறுநாளும் இறங்குவோம். புத்தி இருந்தால் இறங்கியிருக்க மாட்டோம்.

29 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

"நீச்சல் தெரிந்த பிள்ளைக்கு நுரையீரல் பெரிசு, அதுபோதும்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. தண்ணீரில் முட்டிக்கு எடையே இல்லை சார். கிரவுண்டில் தண்ணீர் நிறைந்தால் கூப்பிடுகிறேன். அதற்கு ஐப்பசி வரவேண்டும்.

2 ஜூலை

பாசி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். அண்ணன் அதைச் சொன்னதால் இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரிக்குச் சின்னப்பாலம். அவளும் விடுமுறையில் அம்மாவோடு கடலுக்குப் போகிறவள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள்களில் விடியும் முன்பே கிளம்புவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடவேண்டும். துணி சுற்றியும் விரல் நுனி கிழிந்துதான் இருக்கும். அவள் த்ரோ-இன் எறிய வரும்போது பந்தைப் பிடிக்கிற கையைப் பார்த்தாலே யாருடைய கை என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பிள்ளைக்கு முதுகு வலு, கை வலு, மூச்சு எல்லாம் உண்டு. எறிந்தால் கோல் முகம் வரைக்கும் போகும். ஆனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் நாலைந்து மணி நேரம் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தால் அவள் கணக்கில் ஓர் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. "ஏன்டி இன்னைக்கு இப்படி இழுக்கிறே?" என்று கத்துவதோடு சரி.

வீட்டு வேலையும் இப்படித்தான். ஊத்துத் தண்ணிக்குத் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிப் போவது, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது, பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ். அதிலும் பாதித் தூரம் நின்றுகொண்டு. பயிற்சி அட்டவணை போடுகிற யாரும் இதை எழுதுவதில்லை. அமெரிக்கக் கல்லூரியில் சட்டைக்குள் கருவி மாட்டி எத்தனை மீட்டர் ஓடினாள் என்று எண்ணுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "காலையில எத்தனை குடம்?" பதிலைப் பொறுத்து அன்றைக்குக் குதிக்கிற பயிற்சியைக் குறைப்பேன்.

6 ஜூலை

இன்றைக்குப் பாடம் கிடையாது. நேற்று சியாங் மாயில் நம் பெண்கள் தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போய்விட்டார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச்சுற்று ஆடி ஜெயித்துப் போவது இதுதான் முதல் தடவை. 2022-ல் நம் நாட்டிலேயே நடந்தபோது கொரோனாவால் பாதியில் விலக வேண்டிவந்ததே, அந்தக் கடுப்பு இன்றைக்குத்தான் தீர்ந்தது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் குறைச்சல் இல்லை. 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசியப் பட்டம், 2023-ல் மறுபடியும். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கையே ஜெயித்தது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண், அதுவும் கடற்கரைதான். அண்ணன் உடனே "பார்த்தியா, கடற்கரை!" என்று கிளம்ப வேண்டாம். அங்கே போனவர்கள் யாரும் மணலில் அரைமணி நேரம் ஓடிவிட்டுப் போகவில்லை.

13 ஜூலை

"பெண்களுக்கு இவ்வளவு கடினம் என்றால் நேரத்தைக் குறைக்கலாமே, மைதானத்தைச் சின்னதாக்கலாமே, லேசான பந்து கொடுக்கலாமே" என்று ஒருவர் அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். அக்கறைக்கு நன்றி. பெரியவர்கள் ஆட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதிதான். அதே 45-45 நிமிடம், அதே கோல்கம்பம், அதே 5-ம் நம்பர் பந்து, சுற்றளவு 68-லிருந்து 70 செ.மீ., எடை 410-லிருந்து 450 கிராம். குறைத்துக் கொடுங்கள் என்று எந்தப் பெண்ணும் என்னிடம் கேட்டதில்லை. கிரவுண்டில் இருக்கிற சீமைக்கருவேல் முள்ளைப் பொறுக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பந்தாவது முள் குத்திப் போகிறது, பாதத்தில் ஏறுவது தனிக்கணக்கு.

இங்கே பல கல்லூரிப் போட்டிகளில் நேரத்தை ஏற்கெனவே 25-25 என்று குறைத்துத்தான் நடத்துகிறார்கள். அதனால் சுலபமாகிவிடவில்லை. நேரம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும், மூச்சு விடுகிற இடைவெளி போய்விடும். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆடியவர்களைக் கேளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வேறு மாதிரி என்று இன்னொருவர் சொன்னது உண்மை. அங்கே பெண்களுக்கான தேசியப் போட்டி 1982-லிருந்து நடக்கிறது. ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. முதல் பாதியில் வெளியே வந்தவள் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் ஒரு தடவை திரும்பலாம். அதனால் பயிற்சியாளர்கள் ஆளை மாற்றி மாற்றி இறக்கி, முழு வேகத்திலேயே எதிரணியை நெருக்குவார்கள். ஆனால் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் சீசனே முடிந்துவிடும். வியாழனோ வெள்ளியோ ஓர் ஆட்டம், ஞாயிறு ஓர் ஆட்டம், நடுவில் விமானப் பயணம், பரீட்சை. இருபது பேர் பெஞ்சில் இருக்கிற அணிக்கு அது சரி. எங்களுக்குப் பெஞ்சில் இருப்பது மூன்று பேர், அதில் ஒருத்திக்குக் காலில் கட்டு.

20 ஜூலை

முட்டியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நம் ஊரில் ஜவ்வு கிழிந்தது என்பார்கள், டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள். முட்டிக்குள் தொடையெலும்பையும் கால் எலும்பையும் குறுக்கே பிடித்து நிறுத்துகிற நார். அதே ஆட்டம் ஆடுகிற ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கிழிவது இரண்டு மூன்று மடங்காவது அதிகம். முக்கால்வாசி யாரும் இடிக்காமலே நடக்கும். ஓடிவந்து சடாரென்று திரும்பும்போது, ஹெட்டருக்கு எம்பி ஒற்றைக் காலில் இறங்கும்போது. முட்டி உள்ளே சாய்கிறது, உடம்பு வெளியே போகிறது, அவ்வளவுதான்.

என்னோடு ஆடிய ஒருத்திக்கு இப்படி ஆனது. பக்கத்தில் ஆளே இல்லை. "டொக்" என்ற சத்தம் எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டி பனங்காய் அளவு வீங்கிவிட்டது. கட்டுப்போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள், முட்டை வெள்ளையைத் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்கினாள். நேராக ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. திரும்பியபோது முட்டி கழன்ற மாதிரி விலகியது, கூடவே எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருந்த சவ்வும் போனது. மாடிப்படி ஏறும்போது இன்றைக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு, அன்றைக்கே வீங்கினால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்தாலும் மறுபடி ஆட ஒன்பது மாதத்துக்குக் குறைந்து பொதுவாக விடுவதில்லை.

காரணம் என்ன என்றால் ஒன்றல்ல. இடுப்பு அமைப்பு என்பார்கள், ஹார்மோன் என்பார்கள். இருக்கலாம், அதை நாம் மாற்ற முடியாது. இடுப்புத் தசை, தொடைப் பின்தசை, குதித்து இறங்குகிற முறை மூன்றையும் மாற்ற முடியும். பையன்கள் எட்டு வயதிலிருந்து தெருவில் விழுந்து எழுந்து குதித்துப் பழகுகிறார்கள். நம் பிள்ளைகளை வயசுக்கு வந்ததும் உட்கார வைத்துவிட்டு, பதினெட்டு வயதில் திடீரென்று "டீமில் சேர்" என்கிறோம்.

உங்கள் மருமகள் ஒற்றைக் காலில் நிற்பது இதற்குத்தான் அண்ணே. ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிடம், பதினைந்து பயிற்சிகள். முதலில் மெதுவான ஓட்டம், அப்புறம் பலம், சமநிலை, குதிப்பு, கடைசியில் வேகமான ஓட்டம். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13-லிருந்து 17 வயதுப் பெண்பிள்ளைகளிடம் செய்து பார்த்து, ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் நன்றாகக் குறைந்ததாக 2008-ல் வெளியிட்டார்கள். வாரம் இரண்டு தடவையாவது செய்யவேண்டும். அதில் ஒரு பயிற்சி, முட்டி போட்டு நிற்க, பின்னால் ஒருத்தி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய்வது. எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கிற பெயர் "பிரின்ஸிபால் கும்பிடு".

29 ஜூலை

பெண்கள் யூரோ (ஐரோப்பியக் கோப்பை) பைனல் முடிந்ததிலிருந்து என் வாட்ஸப்பில் ஒரே செய்திதான். இங்கிலாந்தின் லூசி ப்ரோன்ஸ் கால் எலும்பில் முறிவோடேயே தொடர் முழுக்க ஆடினாராம். "அக்கா, பாத்தீங்களா?" என்று பத்துப் பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள்.

பார்த்தேன். அவரைச் சுற்றி டாக்டர், ஸ்கேன், பிசியோ என்று ஒரு படையே நின்றது. எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தே ஆடிய முப்பத்து மூன்று வயதுக்காரர். நம் பிள்ளை வலியை மறைப்பது அப்படி இல்லை. வீட்டில் தெரிந்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அம்மாவிடம் சொல்லமாட்டாள், என்னிடமும் சொல்லமாட்டாள். செருப்பை மாட்டும்போது எந்தக் காலை முதலில் தூக்குகிறாள் என்று பார்த்துத்தான் நான் கண்டுபிடிக்கிறேன்.

10 ஆகஸ்ட்

கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது. பந்தை உயரே அடித்தால் அடித்தவளிடமே திரும்பி வருகிறது. காற்று இருப்பதால் வெயில் உறைக்காது, அதனால் தண்ணீர் குடிக்கவும் மறந்துவிடுகிறார்கள். இந்த மாதங்களில்தான் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு என்று அதிகம் உட்காருகிறார்கள்.

வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற கணக்கில் 32 டிகிரி வந்துவிட்டால் ஒவ்வொரு பாதியிலும் ஆட்டத்தை நிறுத்தி உடம்பைக் குளிரவைக்க வேண்டும் என்பது ஃபிஃபா வழக்கம். அந்த அளவுகோல் நம் ஊரில் யாரிடமும் இல்லை. எங்களிடம் இருப்பது மீன் கம்பெனி எடைமேடை. ஒரு பிள்ளையின் மாமா கம்பெனி வைத்திருக்கிறார், பழைய எடைமேடையைக் கொடுத்தார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏறி நிற்பார்கள். ஐம்பது கிலோப் பிள்ளை ஒரு கிலோ குறைந்தால் உடம்பு எடையில் இரண்டு சதவீதம் தண்ணீராகப் போய்விட்டது, அதற்குமேல் கால் சொன்னபடி கேட்காது. முதல் நாள் பார்த்தபோது பலருக்கும் ஒரு கிலோவைத் தாண்டியது. எடைமேடையில் இன்னும் மீன் வாடை போகவில்லை. "அக்கா, நான் எந்த ரகம்? ஏற்றுமதியா, உள்ளூரா?" என்று ஒருத்தி கேட்க அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை.

குடிக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இல்லை, உப்புப் போட்ட நீராகாரம். காவிரித் தண்ணீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள், அது ஏற்கெனவே கரிக்கும். அதில் மேலே உப்பைப் போடாதீர்கள்.

11 ஆகஸ்ட்

இல்லை, எடையை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்வதில்லை. குறைந்த அளவை மட்டும் அவளே எழுதிக்கொள்வாள். கேட்ட தாயாருக்கு இந்தப் பதில். பெண்பிள்ளைகளிடம் எடை என்று பேச்செடுத்தாலே சிலர் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அது எனக்கும் கவலைதான்.

31 ஆகஸ்ட்

அந்தத் தாயார் கேள்வியிலிருந்து சாப்பாட்டுக்கு வருகிறேன்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ன்படி தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுக்கப் பார்த்தால் 57. அப்படியானால் என் பதினாலு பேரில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் தசைக்கு ஆக்சிஜன் சரியாகப் போகாது. அப்படிப்பட்ட பிள்ளை இரண்டாம் பாதியில் நின்றுவிட்டால் "ஸ்டாமினா இல்லை" என்கிறோம். ஓட்டத்தைக் கூட்டுகிறோம். இன்னும் மோசமாகிறது. முதலில் ரத்தம் பார்க்கவேண்டும், அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை.

சாப்பாட்டில் பெரிய வித்தை இல்லை. சூடை மீன், முருங்கைக்கீரை, கேப்பை, கடலைமிட்டாய். ஆடு அடிக்கிற நாளில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். சுவரொட்டியை எங்கள் வீட்டில் அண்ணனுக்குத்தான் வைப்பார்கள், அண்ணன் கேரம் விளையாடுவான். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் நல்லது.

சாப்பாடு குறைவு, உழைப்பு அதிகம் என்று தொடர்ந்து போனால் மாதவிடாய் நின்றுபோகும். பிள்ளைகள் இதைத் தொல்லை விட்டது என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதில்லை. எலும்பு பலம் குறைகிறது என்று உடம்பு சொல்கிற எச்சரிக்கை அது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ஒரு தனிப்பெயர் வைத்து அறிக்கை கொடுத்திருக்கிறது. மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போகவேண்டும். அம்மாக்கள் வேறு மாதிரி யோசித்துச் சண்டை போடாமல் இருந்தால் புண்ணியம்.

அந்த மூன்று நாளில் ஆடலாமா என்ற கேள்விக்கு: முன்பெல்லாம் நானே உட்காரச் சொல்லிவிடுவேன். இப்போது அவளிடமே விட்டுவிடுகிறேன். சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை, சிலரால் எழுந்திருக்க முடிவதில்லை. ஒரே சட்டம் போட முடியாது. வெள்ளை டவுசர் கூடாது என்று மட்டும் ஒரே சட்டம் போடலாம். இங்கிலாந்து பெண்கள் அணியே 2023-ல் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறிவிட்டது. எங்கள் கல்லூரிக்கு இந்த வருஷம் வந்த ஜெர்ஸி என்ன நிறம் என்று கேளுங்கள் பார்ப்போம்.

21 செப்டம்பர்

போட்டிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். கோபத்தில் எழுதுகிறேன், நடத்தியவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன்.

ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பி, காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம். ஜெயித்தோம். பதினொன்றுக்கு இரண்டாவது. அதையும் ஜெயித்தோம். மதியச் சாப்பாடு என்று புளியோதரைப் பொட்டலம் இரண்டரை மணிக்கு வந்தது, மூன்று மணிக்கு அரையிறுதி. விழுங்கிவிட்டு ஓடியவர்கள் வாந்தி எடுத்தார்கள், விழுங்காதவர்கள் மயங்கினார்கள். 0-3. மூன்று கோலும் கடைசிப் பத்து நிமிடத்தில். முட்டி உள்ளே சாய்வதை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வாரம் பழக்கியது எதுவும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் உடம்பில் இல்லை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முழு ஆட்டம் ஆடிய உடம்பு பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் வேண்டும் என்பது பயிற்சி கொடுக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரே நாளில் முடித்தால் ரூம் வாடகை மிச்சம், அவ்வளவுதான் காரணம். ஆண்கள் போட்டி மட்டும் இரண்டு நாளாக நடந்தது.

உச்சிப்புளி அண்ணே, கல்லூரிக் கால்பந்து உடம்பிடம் எவ்வளவு கேட்கிறது என்பதுதானே உங்கள் முதல் கேள்வி. ஆட்டம் கேட்பதைப் பழக்கிவிடலாம். ஆட்டத்தைச் சுற்றி நாம் கேட்கிறோமே, குடம், பஸ், மூன்று மணிப் புளியோதரை, இதற்கு 11+ எதுவும் கிடையாது.

22 செப்டம்பர்

கீழக்கரைத் தங்கச்சிக்கு: தாராளமாக முக்காடோடு ஆடலாம். 2014-லிருந்து விதியிலேயே அனுமதி உண்டு. ஊசி குத்தாமல், கழுத்தை இறுக்காமல், சட்டை நிறத்தோடு பொருந்தினால் போதும். பனியன் துணியில் இழுத்தால் விரிகிற மாதிரித் தைத்துக்கொள்ளுங்கள், நைலான் வேண்டாம், சூடு வெளியே போகாது. யாராவது நடுவர் மறுத்தால் விதிப் புத்தகத்தைக் காட்டுங்கள். எங்கள் கோல்கீப்பர் அப்படிக் காட்டித்தான் இறங்கினாள், இறங்கி ஒரு பெனால்டியும் பிடித்தாள்.

5 அக்டோபர்

மணலைப் பற்றி அன்றைக்கு எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரையிறுதிக்குப் பிறகு எல்லோருக்கும் காலில் வலி. ஒரு வாரம் கெட்டித் தரைப் பக்கமே கூட்டிப்போகவில்லை. அரியமான் கடற்கரையில், அலை நனைத்த ஓரத்தில், மெதுவாக நடையும் ஓட்டமும் மட்டும். காலில் அதிர்ச்சி குறைவு, மூச்சும் விட்டுப்போகாது. காயத்திலிருந்து திரும்புகிறவளுக்கும், சீசன் இல்லாத மாதங்களுக்கும் நல்லதுதான். போட்டி நெருங்கும்போது மட்டும் கெட்டித் தரைக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கரை சரிவாக இருக்கிற இடத்தில் ஒரே திசையில் ஓடாதீர்கள், ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கும். போகிற தூரம் திரும்பியும் வாருங்கள்.

அண்ணன் பாதி ஜெயித்துவிட்டார் என்று யாரோ சிரிப்புப் போட்டிருக்கிறார்கள். கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம்.

12 அக்டோபர்

அண்ணன் மருமகளுக்குப் பூட்ஸ் வாங்க மதுரை போகிறாராம், சந்தோஷம். அவளையும் கூட்டிப்போங்கள், அளவை நூலில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆண்கள் பூட்ஸில் பெரும்பாலும் குதிகால் பக்கம் தொளதொளவென்று இருக்கும், கணுக்கால் புரளும். சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். விளையாடும்போது போடுகிற சாக்ஸோடு மாட்டிப் பார்க்கட்டும். நம் தரைக்கு அடியில் நீளமான ஸ்டட் (குமிழ்) வைத்த பூட்ஸ் வேண்டாம். தரைக்குள் இறங்காது, பாதத்தில்தான் குத்தும். சின்னதாக நிறையப் புள்ளி இருப்பதைக் கேளுங்கள். ஷின் பேட் மறக்கவேண்டாம். பந்தும் வாங்குவதானால் 5-ம் நம்பர், கையால் தைத்தது. ஒட்டியது நம் முள்ளுக்கு ஒரு வாரம் தாங்காது.